மலைக்கு அந்தப் பக்கம்

வீட்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிரைவரம்மா என்றால் டிரைவரம்மாதான். கூடப்பிறந்த அண்ணனே அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறவள். கடலோரத்து ஊர்கள் ஆறையும் கோத்துக்கொண்டு போகிற தடம் அது. பேர்தான் கடற்கரைத் தடம். ரோடு என்னவோ முழுக்க முழுக்க மலைக்குப் பின்னால்தான் போகும். ஊருக்குள் நுழையும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்றாகத் தெரியும். சிக்னல் விழுந்தால் முப்பது விநாடி பார்க்கலாம். பச்சை விழுந்தால் அதுவும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், முட்டிவரைக்கும் சேறு அப்பிய ஒரு மனுஷர் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நாளாகக் கடலை ஒட்டிய ஒற்றையடிப் பாதையிலேயே நடந்து வருகிறாராம். "இந்த மலை இருக்கே, இது அந்தப் பக்கம் பூரா சிவப்பும்மா" என்றார். டிரைவரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குத் தெரிந்த மலை பச்சை. புதரும் புல்லுமாக, ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் கண்ணாடியில் வந்துபோகிற மலை. அதற்கு இன்னொரு நிறம் இருப்பதை எவரோ ஒருத்தர் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டதே என்று அது மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "லீவு போட்டுட்டேன். அஞ்சு நாள் நடக்கப்போறேன்."

எல்லாருடைய கண்ணும் அவளுடைய வலது முட்டிக்குப் போயிற்று. முதலில் வாயைத் திறந்தது அண்ணிதான். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எட்டு மாசத்துக்கு முன்னால் நாத்தனாரின் முட்டியைப் படம் எடுத்ததும் அவள்தான்.

"உன் முட்டியை உள்ளே பாத்தவ நான். எலும்பும் எலும்பும் மூஞ்சியோட மூஞ்சி இடிச்சுக்கிட்டு நிக்குது. நீ பாட்டுக்கு நடக்கறேன்னு சொல்றே!"

"டாக்டர் நடக்கலாம்னுதானே அண்ணி சொன்னாரு?"

"மூலைக்கடைக்கு நடக்கறதைச் சொன்னாரு."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கச்சி ஒன்றை நினைத்துவிட்டால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொள்வாள் என்பது அவருக்குத் தெரியும். பெண்டாட்டியிடம் திரும்பி, "நீ கூடப் போயேன்" என்றார்.

அண்ணி உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தினமும் விடியற்காலையில் பூங்காவைச் சுற்றிப் பத்தாயிரம் அடி நடக்கிறவள் அவள். போன் எண்ணிச் சொல்லும். இரண்டாம் நாளே நாத்தனாரைப் பத்திரமாகத் திருப்பி அழைத்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மற்றபடி, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. சண்டை வருகிற அளவுக்குப் பேசிக்கொண்டதே இல்லை.

முதல் நாள் காலை சரியாக ஆறு பத்துக்குக் கிளம்பினார்கள். அது டிரைவரம்மாவின் முதல் பஸ் கிளம்புகிற நேரம். ஐம்பது நிமிஷ நடை, பத்து நிமிஷ ஹால்ட். ஹால்ட் என்றால் நிழலோ வெயிலோ, உட்காரக் கல் இருக்கிறதோ இல்லையோ, நின்றுவிட வேண்டும். முடிந்தால் கிளம்பிவிட வேண்டும். அண்ணி அப்போதுதான் ஆரஞ்சுப் பழத்தில் பாதியை உரித்திருப்பாள். "டைம் ஆச்சு அண்ணி" என்று குரல் வரும்.

"இங்க யாரு நமக்கு மெமோ கொடுக்கப்போறா?"

"யாரும் கொடுக்க மாட்டாங்க. ஆனா டைம் ஆச்சு."

பாதை நெடுகக் கல்லிலும் வேலிக்கட்டையிலும் மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். மூன்றாவது ஹால்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முனையைத் திரும்பினார்கள். மலையின் கடல்பக்கம் மொத்தமும் எதிரே வந்து நின்றது. சிவப்புதான். ஆனால் ஒரே சிவப்பு இல்லை. செங்கல் நிறம், அதற்கு மேல் துருவின் நிறம், நடுவில் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. யாரோ துணிகளை மடித்து அடுக்கி வைத்தது போல. இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பறவைகள். கீழே அலை அடித்து அடித்துப் பாறையின் அடியைக் குடைந்திருந்தது.

டிரைவரம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பெரிய மனுஷர் யாராவது எதிரே வந்தால் நிற்பது போல நின்றாள்.

"இத்தனை வருஷமா இதோட முதுகைத்தான் பாத்திருக்கேன் அண்ணி. முகம் இப்படி இருக்கும்னு ஒருத்தருமே சொல்லலையே."

கீழே சின்னதாக ஒரு மணல்திட்டு இருந்தது. இறங்கிப் போய், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு கடலுக்குள் நடந்தாள். தொடைவரை தண்ணீரில் நின்றுகொண்டு மலையையே அண்ணாந்து பார்த்தாள். அண்ணி கரையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தாள். பத்தாவது நிமிஷம் டிரைவரம்மா திரும்பி வந்து ஷூவை மாட்டினாள். அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இரண்டாவது நாள் எரிச்சல்தான் மிஞ்சியது. டிரைவரம்மா சமதரையிலும் ஒரே வேகம், மேட்டிலும் ஒரே வேகம். அந்த வேகத்தை வேகம் என்று சொல்லவே அண்ணிக்கு மனசு வரவில்லை. அண்ணி முன்னால் போவாள், நிற்பாள், காத்திருப்பாள், மறுபடி போவாள். ஊர் வந்து சேர்ந்தபோது நாத்தனாரைவிட அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அந்த ஊரில் ஒரு வலைக் கிடங்குக்கு மேல்மாடியில் தங்கினார்கள். இரண்டு இரும்புக் கட்டில், சுவரில் ஒரு கண்ணாடி, மூலையில் கைகழுவுகிற தொட்டி, தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வருகிற தார் நாற்றம். காலையில் வாசலில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் டிரைவரம்மாவைப் பார்த்ததும் பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"நீங்க ஆறு பத்து பஸ்தானே? என் பொண்ணு காலேஜுக்கு உங்க வண்டியிலதான் மூணு வருஷம் போனா. உங்களுக்குக் கால் இருக்குன்னே இப்பதான் தெரியுதும்மா! எப்பவும் ஜன்னலுக்கு மேலதானே பாத்திருக்கேன்!"

"இருக்கு, ஆனா ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது" என்றாள் டிரைவரம்மா.

அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. அந்த நேரத்தையும் டிரைவரம்மா முதல் ஹால்ட்டில் கழித்துக்கொண்டாள் என்பதை அண்ணி கவனித்தாள்.

மூன்றாவது நாள்தான் தப்பு நடந்தது. தப்பு அண்ணியுடையது.

அன்றைக்கு வழியில் ஓர் ஆறு கடலில் கலக்கிற இடம் உண்டு. கடல் வற்றியிருக்கும்போது ஒன்றரை மணி நேரம் மணல் திட்டு வெளியே தெரியும். அதன்மேல் நடந்து பத்து நிமிஷத்தில் அக்கரைக்குப் போய்விடலாம். அந்த நேரத்தை விட்டால் ஆற்றங்கரையோடு மேலேறி, பாலத்தைக் கடந்து, மறுகரையோடு திரும்பி வர வேண்டும். பதினொரு கிலோமீட்டர். டிரைவரம்மா கடல் ஏறி இறங்குகிற நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தாள். பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குள் கடக்க வேண்டும். அவர்கள் நடந்த நடைக்குப் பத்தேகாலுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அண்ணி வழக்கம்போல் முன்னால் போனாள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் மஞ்சள் பொட்டைப் பார்க்கவில்லை. அகலமாக இருந்த பாதையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பண்ணையின் வேலிக்கதவில் போய் முட்டிக்கொண்டபோதுதான் கடல் சத்தமே கேட்கவில்லை என்பது உறைத்தது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

பாதை பிரிகிற இடத்தில், மஞ்சள் பொட்டு வைத்த கல்லின் மேலேயே டிரைவரம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தாள்.

"முதல்ல குடிங்க."

"நீ போயிருக்கலாமே! மணி பதினொண்ணேகால் ஆயிடுச்சு. நீயாவது கடந்திருக்கலாம்."

"ஆள் ஏறாம எப்படி அண்ணி வண்டியை எடுக்கறது?" என்றாள். அதோடு எழுந்துகொண்டாள். ஏன் பார்க்காமல் போனீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை.

முகத்துவாரத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. மணல்மேல் தண்ணீர் மெல்லிசாக ஏறியிருந்தது. கணுக்கால் அளவுதான் இருக்கும். அக்கரையில் மஞ்சள் பொட்டு வா வா என்று கூப்பிடுவது போல் தெரிந்தது. அண்ணி ஷூவைக் கழற்றக் குனிந்தாள்.

"முட்டிகூட நனையாது. சட்டுனு போயிடலாம். உன் காலோட பதினொரு கிலோமீட்டர் சுத்தணுமா? என்னாலதானே இது. வா."

டிரைவரம்மா தாளை எடுத்துப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு ஆற்றங்கரைப் பாதையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். "வாங்க அண்ணி. பாலத்து வழியா போலாம்" என்றாள், அது முதலிலேயே முடிவு பண்ணின வழி போல.

அரை மணி நேரம் கழித்து மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். மணல் திட்டைக் காணோம். அவர்கள் நடந்திருக்க வேண்டிய இடத்தில் கடல் தண்ணீர் உள்ளே ஏறுவதும் ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ளுவதுமாகச் சுழித்துக்கொண்டிருந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை அதில் மாட்டி, தலைகீழாகப் புரண்டு, உள்ளே போய், கொஞ்ச தூரம் தள்ளி வெளியே வந்தது. டிரைவரம்மா மூக்கைச் சிந்திவிட்டு நடந்தாள். அன்று மீதி தூரம் முழுக்க அண்ணி அவளுக்குப் பின்னால் நடந்தாள். அந்த முதுகு ஒரே சீராக, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து சாய்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. நிறை பஸ்ஸை மலைரோட்டில் இவள் இப்படித்தான் ஓட்டுவாள் போலிருக்கிறது என்று தோன்றியது. இருபத்தாறு வருஷத்தில் அண்ணி ஒரு தடவைகூட அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை.

தங்கின அறையில் பேண்ட்டை மடித்துவிட்டபோது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அண்ணி முட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிடலாம்."

"எலும்பு எதுவும் விட்டிருக்கா அண்ணி?"

"இல்ல."

"நாரு கிழிஞ்சிருக்கா?"

"அப்படித் தெரியல. தேய்மானந்தான். அதுல நீர் கோத்திருக்கு."

"இன்னும் ரெண்டு நாள் நடந்தா புதுசா ஏதாவது கெடுமா?"

அண்ணி ஈரத்துணியைப் பிழிந்தாள். ஒரு பொய் போதும், நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் டாக்டர் எழுதின ரிப்போர்ட்டைப் படித்தவள் அவள். நடக்கலாம், வலி இருக்கும் என்று பச்சையாக எழுதியிருந்தது. படத்தில் இல்லாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை.

"கெடாது. வலிக்கும். நல்லாவே வலிக்கும்."

"அவ்வளவுதானே" என்றாள் டிரைவரம்மா. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனாள்.

நான்காவது நாள் மேட்டில் ஏறுவதில் பிரச்சினை வரவில்லை. மலை உச்சியிலிருந்து ஐந்தாவது ஊருக்கு இறங்குகிற இடத்தில்தான் வந்தது. பாறையில் வெட்டின படிகள், இருநூற்றுப் பதினான்கு என்று பலகையில் எழுதியிருந்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் இரும்புக் கம்பி. நடுவில் கொஞ்ச தூரத்துக்குக் கம்பி துருப்பிடித்து விழுந்துவிட்டிருந்தது. டிரைவரம்மா முதல் படியில் வலது காலை வைத்து எடையை இறக்கினாள். முகம் வெளுத்துப்போய் மறுபடி மேலே ஏறிக்கொண்டாள். இடது காலை முதலில் வைத்துப் பார்த்தாள். அப்போது வளைய வேண்டியது வலது முட்டி. அது வளைய மறுத்தது.

கொஞ்ச நேரம் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ குறுகலான சந்துக்குள் வண்டியை விடப்போகிறவள் போல அகலத்தையும் வளைவையும் கண்ணாலேயே அளந்தாள்.

"அண்ணி, ஏறும்போது வலிக்கல. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்போ ஏறற மாதிரியே இறங்கிடறேன். ரிவர்ஸ்ல."

அண்ணிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "பின்பக்கமாவா? இருநூத்துப் பதினாலு படியையா?"

"டிப்போவுல இதைவிட மோசமான இடத்துலயெல்லாம் ரிவர்ஸ் எடுத்திருக்கேன். என்ன, இந்த வண்டியில கண்ணாடி இல்ல. நீங்க கீழ நின்னு சொல்லணும்."

அண்ணி அவளுடைய பையையும் வாங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டாள். நாலு படி கீழே இறங்கி, மேலே பார்த்துத் திரும்பி நின்றாள். டிரைவரம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பாறைச் சுவரில் ஊன்றி, காலைப் பின்னால் நீட்டினாள்.

"எப்படிச் சொல்லணும்?"

"கண்டக்டர் எப்படிச் சொல்வாரு? அப்படித்தான்."

"வரலாம்..." என்றாள் அண்ணி, தயங்கித் தயங்கி. "வரலாம், வரலாம். இன்னும் கொஞ்சம். வச்சுக்கோ. அடுத்தது உயரம் ஜாஸ்தி. மெதுவா. வரலாம்... நில்லு நில்லு! வலது பக்கம் ஒரு கல்லு ஆடுது. லெஃப்ட்ல ஒடி. இன்னும். போதும். வரலாம்."

இருபது படி போனதும் குரல் தானாகவே உயர்ந்தது. நாற்பதாவது படியில் அண்ணிக்கு வெட்கம் விட்டுப்போனது. நூறாவது படியில் அவள் அசல் கண்டக்டராகவே ஆகிவிட்டாள்.

கம்பி இல்லாத இடம் வந்தது. முப்பது படிகள். கீழே நேராகக் கடல். "இங்க கம்பி இல்ல" என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். சொன்னாள்.

"சரி" என்றாள் டிரைவரம்மா. "நீங்க இருக்கீங்கல்ல?"

"இருக்கேன்."

அந்த முப்பது படியிலும் அவள் ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பவில்லை. அண்ணி சொன்ன இடத்தில் கால் வந்து நின்றது. சொன்ன அளவுக்குத்தான் நகர்ந்தது. பிடரியில் வியர்வை ஓடிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது காலில் எடை விழும்போதெல்லாம் மூச்சு மட்டும் சின்னதாக ஒரு தடவை நிற்கும். அதைத் தவிர ஒரு முனகல் இல்லை. தன் ஒரு சொல்லை நம்பி ஒரு உடம்பு முழுசாகப் பின்னால் வருகிறதே என்பதை நினைக்க நினைக்க அண்ணி ஒவ்வொரு படியையும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் வரலாம் என்றாள்.

நூற்றைம்பதாவது படிக்குப் பக்கத்தில் கீழேயிருந்து ஒரு கூட்டம் ஏறி வந்தது. இளவட்டங்கள், ஏழெட்டுப் பேர்.

"ஓரம் போங்க, ஓரம் போங்க! வண்டி ரிவர்ஸ்ல வருது!" என்று கத்தினாள் அண்ணி. ஆஸ்பத்திரியில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதைத் தவிர வேறெதையும் உரக்கச் சொல்லிப் பழகாதவள்.

அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு விஷயம் புரிந்து, பாறையோடு பாறையாக ஒட்டி நின்று வழிவிட்டார்கள். டிரைவரம்மா அவர்களைத் தாண்டிக் கீழே போனாள். கடைசியில் நின்ற பெண் தன் ஊன்றுகோலை நீட்டி, "இதை வச்சுக்கோங்கம்மா" என்றாள்.

"உனக்கு வேணுமேம்மா."

"நான் சும்மா ஸ்டைலுக்கு வச்சிருக்கேன்."

டிரைவரம்மா அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். கோலை வாங்கிக்கொண்டாள். கடைசிப் படியில் இறங்கி மணலில் இரண்டு காலும் ஊன்றியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணி இரண்டு பையையும் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் அது பழக்கமில்லாத வேலை. கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது.

ஐந்தாவது நாள் தரை அநேகமாகச் சமம். கடலோரப் புல்வெளியில் ஊன்றுகோலும் இரண்டு ஜோடிக் கால்களுமாக நடந்தார்கள். பேசிக்கொண்டே நடந்தார்கள் என்பதுதான் பெரிய செய்தி. முதன்முதலாகப் பஸ்ஸைத் தனியாக எடுத்த நாளில் கிளட்ச்சில் வைத்த கால் நடுங்கியதைப் பற்றி டிரைவரம்மா சொன்னாள். எலும்பு முறிந்து அலறிக்கொண்டு வருகிற குழந்தைகளை அசையாமல் படுக்கவைக்கத் தான் கண்டுபிடித்த தந்திரங்களை அண்ணி சொன்னாள். டிரைவரம்மா நின்று, "அதைத் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டாள். "உங்க வேலை இவ்வளவு கஷ்டமா அண்ணி! நான் ஏதோ பட்டனை அமுக்கற வேலைன்னு நினைச்சுட்டேன்."

கடைசி ஊரில் தங்குமிடம் நடத்துகிற அம்மாள் கதவைத் திறந்ததும் டிரைவரம்மாவின் காலைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் ஒரு பெரிய தகரத் தொட்டியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். டிரைவரம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை உள்ளே வைத்தவள், அப்படியே தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். அண்ணி சமையலறைக்கு வந்து இரண்டு தட்டில் ரொட்டியும் சூப்பும் வாங்கிக்கொண்டாள்.

"முழுத் தடமும் நடந்தீங்களா? அந்தக் காலோடவா?" என்றார் அந்த அம்மாள். "உங்க தங்கச்சியா?"

"நாத்தனார்."

அந்த அம்மாள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு நாள்! நாத்தனாரோட!"

"ஆமாங்க" என்றாள் அண்ணி. சொல்லும்போது அவளுக்கே தெரியாமல் முதுகு நிமிர்ந்தது. "பெரிய டிரைவர். மலைப்படியில ரிவர்ஸ்ல இறங்கினவங்க. சூப் இன்னும் ஒரு கரண்டி விடுங்க, அவங்க தட்டுல."